வாளி வைக்கும் இடத்தில் தொடங்கிய கடல்

கடல், மேற்பார்வையாளர் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் வாளி வைக்கும் இடத்தில், ஒரு புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்குத் தொடங்கியது. அன்று அதன் அகலம் ஒரு சாப்பாட்டுத் தட்டு. ஆழம், கால் பெருவிரல் நகம் நனையும் அளவு. நல்ல தண்ணீர்தான், தாராளமாகக் குடித்திருக்கலாம். பிற்காலத்தில் பள்ளிக்கூடப் புத்தகங்களில் மலை, ஆறு, எரிமலை, வால்நட்சத்திரம் என்று என்னென்னவோ எழுதிவைத்தார்கள். எழுதியவர்களில் ஒருவரும் அந்த வாளியைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, திறந்தபோது பொய் சொன்னார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி யாராவது எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பார்த்தது மேற்பார்வையாளரின் மனைவி. அவள் தையல்காரி. குளியலறையை ஒட்டிய பின்னறையில் காலால் மிதிக்கும் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிச் சீருடை தைத்து வந்தாள். வீடு அவளுடைய அப்பா விட்டுப்போனது, மெஷின் மட்டும் அவளே தைத்துச் சம்பாதித்து வாங்கியது. அந்த வீட்டில் தன்னுடையது என்று அவள் கைவைத்துச் சொல்லக்கூடிய பொருள் அது ஒன்றுதான். தெருக்குழாயும் வீட்டுக்குழாயும் சேரும் இணைப்பில் தண்ணீர் இலாகாவின் ஈய முத்திரை தொங்கும். அந்த முத்திரைக்கு அடியிலிருந்து, மூன்று எண்ணுவதற்குள் ஒரு சொட்டு வீதம் விழுந்துகொண்டிருந்தது. அவள் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவரிடம் வந்தாள்.

"என்னங்க, பின்னாடி பைப்பு ஒழுகுது."

"நம்ம வீட்டுல ஒழுகாது," என்றார் அவர், கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, தெரியாமலும் சொல்லவில்லை. அவர் தண்ணீர் இலாகாவின் ஏழாம் பகுதிக்கு மேற்பார்வையாளர். இலாகாவின் விதிப்படி ஒழுகல் என்பது தானாக உண்டாகிவிடும் பொருள் அல்ல. வீட்டுக்காரர் சீட்டு எழுதித் தர வேண்டும், மேற்பார்வையாளர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் பொருத்துநர் வந்து முத்திரையை உடைத்து ஸ்பானரை வைக்கலாம். கையெழுத்து விழும்வரை அது வெறும் ஈரம். ஏழாம் பகுதியில் ஒன்பது வருடமாக ஒரு சீட்டிலும் கையெழுத்து விழவில்லை. அதற்காக வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது தகரக் கேடயங்கள் அவர் கூடத்தில் வரிசையாகத் தொங்கின. ஒழுகலே இல்லாத பகுதி என்பதால் அந்தத் தெருக்காரர்களுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் வந்தது. சுவர் ஊறிப் பாசி பிடித்த வீடுகளில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் அவரைத் தங்கமான மனுஷன் என்றார்கள். சும்மா கிடைக்கிற இரண்டு மணி நேரத் தண்ணீருக்கு மனிதர்கள் தகரத்தையும் தங்கம் என்பார்கள்.

இந்தச் சாதனையை அவர் செய்த விதம் எளிது. உப்புக் கரிக்கும் தண்ணீர் குழாய்த் தண்ணீர் ஆகாது, அது நிலத்து ஊற்று, ஊற்றுக்கு இலாகா பொறுப்பல்ல என்று ஒரு விதி இருந்தது. அதைச் சரிபார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை அதிகாரி வருவார். இடுப்பில் சங்கிலி கட்டிய வெள்ளிக் கரண்டியால் ஈரம் கண்ட இடத்தில் ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். ஊரில் அவருக்கு நாக்கு என்றே பெயர். நாக்கு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மேற்பார்வையாளர் அந்த வழியாக நடந்துபோவார். அவருடைய சட்டையின் உள்பையில் ஒரு சிறு துணிப்பை இருக்கும். துணிப்பையில் பொடி உப்பு இருக்கும். ஒரு சிட்டிகைதான். நாக்கு சுவைத்து, சப்புக்கொட்டி, ஊற்று என்று எழுதிக்கொண்டு போவார். இவர் வேலை இவ்வளவுதான். இதற்குத்தான் காலையில் கண்ணாடி பார்த்து, படிய வாரி, பித்தளைப் பட்டையைத் துடைத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டு போனார்.

தட்டு தாம்பாளமாயிற்று, தாம்பாளம் பாயாயிற்று. மூன்றாம் வாரம் தண்ணீர் பின்னறையின் வாசற்கட்டையைத் தொட்டபோது தையல்காரி மெஷினைக் கூடத்துக்கு நகர்த்தினாள். நகர்த்த உதவியது அவளுடைய தம்பி, அதே இலாகாவில் பொருத்துநர். அவன் இணைப்பைக் குனிந்து பார்த்தான், விரலால் தடவினான், சிரித்துவிட்டான். உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது, அரை அங்குல ரப்பர் வாஷர், பத்து நிமிட வேலை என்றான். ஆனால் சீட்டில்லாமல் முத்திரையைத் தொட்டால் அவன் வேலை போய்விடும். அவனே போய் அத்தானிடம் கேட்டான்.

"அத்தான், ஒரே ஒரு கையெழுத்து. பத்து நிமிஷத்துல முடிச்சுத் தந்துடறேன்."

"ஏழாம் பகுதி மேற்பார்வையாளர் வீட்டுலயே ஒழுகுதுன்னு நானே கையெழுத்துப் போட்டா, அப்புறம் நான் எதுக்கு மாப்ளே?" என்றார் மேற்பார்வையாளர். அது நல்ல கேள்வி. அதற்கு அன்று யாரும் பதில் சொல்லாமல் விட்டதுதான் தவறு. தம்பி கையோடு கொண்டுவந்திருந்த புது வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். அன்றிலிருந்து எந்தச் சட்டை மாற்றினாலும் வாஷரும் கூடவே பை மாறியது.

அந்த மாதக் கடைசியில் நாக்கு வந்தார். மேற்பார்வையாளர் ஐந்து நிமிடம் முன்னதாகவே பின்கட்டுக்குப் போய் வந்திருந்தார். தண்ணீர் அதிகம் என்பதால் சிட்டிகைக்குப் பதில் ஒரு கைப்பிடி. தையல்காரி டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒரு வார்த்தை போதும். இவர் இப்போதுதான் உப்புப் போட்டார் என்று சொன்னால் மறுநாளே வாஷர் மாறியிருக்கும், உலகத்தில் கடல் என்று ஒன்று இருந்திருக்காது. அவள் சொல்லவில்லை. வெளி ஆளுக்கு முன்னால் புருஷன் பேர் கெட வேண்டாம் என்று நினைத்தாள். இந்த நினைப்பைப் பொறுமை என்றும் பெருந்தன்மை என்றும் பாராட்டியவர்கள் உண்டு. அந்தப் பெருந்தன்மையில் ஏழு தெருவும் ஒரு சந்தைத் திடலும் மூழ்கின. நாக்கு சப்புக்கொட்டி, டீயையும் குடித்து, ஊற்று என்று எழுதினார்.

வருடங்கள் போயின. முதல் வருடம் தெரு, மூன்றாம் வருடம் சந்தை, ஆறாம் வருடம் ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டியவரை இருந்த பொட்டல் முழுவதும் தண்ணீர் ஆனது. இவ்வளவு தண்ணீர் கொடுத்தும் மேட்டில் இருந்த இலாகாவின் தேக்கத்தில் ஒரு விரற்கடை குறையவில்லை. குறையாததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. வீடு மூழ்கியவர்கள் மேட்டுக்குப் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது மேற்பார்வையாளர் வீட்டு மாடியைப் பார்த்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை இருந்திருக்கும். அவர்கள் உப்போடு வந்தார்கள். இவ்வளவு தண்ணீருக்கு ஒருவர் துணிப்பை எப்படிக் காணும், நாக்கு வந்து கரிக்கவில்லை என்று எழுதிவிட்டால் நம் இரண்டு மணி நேரம் என்ன ஆகும் என்று அவர்களாகவே கூடிப் பேசி, வீட்டுக்கு ஒரு படி உப்பு என்று முடிவு செய்திருந்தார்கள். திங்கள்கிழமை தோறும் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் ஓரத்தில் வரிசை நின்றது. பெண்கள் சொம்பில் கொண்டுவந்தார்கள், ஆண்கள் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்கள், பள்ளிக்கூட வாத்தியார் தாளில் மடித்துக் கொண்டுவந்தார். கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, கூரை மட்டும் வெளியே தெரிந்த தங்கள் பழைய வீடுகளை அடையாளம் காட்டிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

இதனால் ஊரில் எந்த அடுப்படியிலும் உப்பு மிஞ்சவில்லை. மேற்பார்வையாளர் வீட்டில் முதல் நாளிலிருந்தே கிடையாது. இருந்ததையெல்லாம் அவர் வழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். உலகத்துக்கே உப்புப் போட்டவர் முப்பது வருடம் சப்பென்று சாப்பிட்டார். ஒருநாள் மச்சினன் பொறுக்கமாட்டாமல், "அத்தான், நீங்க சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறீங்களா?" என்று கேட்டான். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கேள்விக்குச் சட்டையைப் பிடித்திருப்பார்கள். மேற்பார்வையாளர் கொஞ்சம் யோசித்து, "இல்ல மாப்ளே, வீட்டுல ஏது உப்பு?" என்று உண்மையாகவே பதில் சொன்னார்.

நான்காம் வருடம் மீன் வந்தது. இரண்டு விரல் நீளம், குளியலறைச் சன்னல் வழியாக உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது; எங்கிருந்து என்று கேட்கும் அளவுக்கு யாருக்கும் அக்கறை இல்லை, பிடித்துத் தின்றார்கள். ஏழாம் வருடம் அலை அடிக்க ஆரம்பித்தது. ஒன்பதாம் வருடம் ஒரு கப்பல் வந்தது. பழைய சந்தைத் திடலுக்கு மேலே நங்கூரம் போட்டுவிட்டு, கப்பல் தலைவன் படகில் கரைக்கு வந்து இது எந்தக் கடல் என்று விசாரித்தான். இது கடல் இல்லை, ஏழாம் பகுதி ஊற்று என்று இலாகாவில் சொன்னார்கள். அவன் ஒரு வாய் அள்ளிப் பார்த்துத் துப்பிவிட்டு, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரோ எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல இதைக் கடல்னுதான் சொல்வோம்," என்று சொல்லி, வந்த வழியே திரும்பிப் போனான். அதைக் கேட்டதும் இலாகாவுக்கு உயிர் வந்தது. ஊற்று என்றாலும் நாளைக்கு ஒருவன் வழக்குப் போடலாம். கடலுக்கு யார்மேல் வழக்குப் போடுவான்? ஒரே வாரத்தில் எல்லாத் தாள்களிலும் ஊற்று என்று இருந்த இடத்தில் கடல் என்று திருத்தி எழுதினார்கள்.

மேற்பார்வையாளர் வீடு இரண்டு மாடி வீடு. படிகள் மொத்தம் முப்பத்துநான்கு. வீட்டை விட்டு மேட்டுக்குப் போனால் ஒழுகலை ஒப்புக்கொண்டது போல் ஆகும் என்று அவர் போகவில்லை. அப்பா வீட்டை விட்டு எங்கே போவது என்று அவளும் போகவில்லை. ஒவ்வொரு முறை தண்ணீர் ஏறியபோதும் முதலில் மெஷின் மேலே போனது, பிறகு பாத்திரங்கள், கடைசியாகக் கேடயங்கள். முதல் மாடியும் போன பிறகு மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் மிஞ்சின. கிழக்குப் பார்த்த அறையில் மெஷினைப் போட்டாள். படகில் துணி வந்தது, படகில் சீருடை போனது. மெஷின் வார்ப்பிரும்பு, உப்புத் தண்ணீர் பட்டால் ஒரே மாதத்தில் துருப்பிடித்து உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் தூக்கி வைக்க இடம் கிடையாது, வானம்தான். அவள் இஞ்சு டேப்பால் படிகளை அளந்தாள். சராசரி வருடத்துக்கு ஒரு படிக்குச் சற்று அதிகமாக ஏறுகிறது. கணவர் ஓய்வு பெறும் நாளில் முப்பத்தொன்றாம் படியில் இருக்கும். அவருக்கு அடுத்து மேற்பார்வையாளர் ஆகப்போவது அவள் தம்பி. வீடு அவள் பேரில். அவள் சீட்டு எழுதுவாள், தம்பி கையெழுத்துப் போடுவான், வாஷர் மாறும். மூன்று படி மிச்சம் இருக்கும். அது போதும் என்று ஒரு சட்டைக்கு வெட்டுகிற துணியைப்போல இழுத்துப் பிடித்து அளந்து வைத்துக்கொண்டு, அவள் காத்திருந்தாள்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால் இலாகாவிலிருந்து தாள் வந்தது. முப்பத்தாறு வருடம் ஒரு ஒழுகல்கூட இல்லாமல் பகுதியைக் காத்த சேவைக்காக, மேற்பார்வையாளருக்கு ஐந்து வருடப் பணி நீட்டிப்பு. அவர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். அவருடைய கண்ணில் நீர்கூட வந்தது. அவள் படித்தாள். ஐந்து வருடத்துக்கு ஐந்து படிக்கு மேல். இருப்பதோ மூன்று.

"ஒரே ஒரு தடவை ஒழுகுதுன்னு சொல்லுங்க," என்றாள். "எழுதக்கூட வேணாம். என்கிட்ட மட்டும் வாயால சொல்லுங்க."

"எங்க ஒழுகுது?" என்று கேட்டார் அவர், சன்னலுக்கு வெளியே நான்கு திசையிலும் கடல் அடித்துக்கொண்டிருக்க.

அவளுக்கு அந்த நிமிடம் அவர்மேல் வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. இந்த மனிதனுக்காகவா கதவுக்குப் பின்னால் நின்றோம் என்று தன்மேலும் அதே அளவு வந்தது. மறுநாளே ஒரு டம்ளர் கடல்நீரை எடுத்துக்கொண்டு நாக்கிடம் போனாள். என் புருஷன் உப்புப் போட்டுத்தான் இது கரிக்கிறது, இருபத்தேழு வருடமாகப் போடுகிறார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கு கரண்டியில் எடுத்துச் சுவைத்தார். அவர் தொழிலில் கெட்டிக்காரர், அதுதான் கொடுமை. இது போட்ட உப்பு இல்லையம்மா, தானாகவே கரிக்கிறது என்றார். அவர் சொன்னது உண்மை. மேற்பார்வையாளரும் உப்புப் போடுவதை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது, தேவைப்படவில்லை. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போனது, உப்பைத் தொடவில்லை. புதிதாக வந்த தண்ணீரும் மேலே போயிற்று, உப்பு போகாமல் வீட்டோடு தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி அங்கேயே கிடந்தது. அவர்கள் வளர்த்துவிட்ட பொய் பெரியவனாகித் தன் சொந்தக் காலில் நின்றது. உண்மையைச் சொல்ல அவள் வாய் திறந்தபோது அதை உண்மை என்று காட்ட ஒரு துளி தண்ணீர் அந்தக் கடலில் இல்லை.

ஒரே ஒரு இடத்தைத் தவிர. குழாய் வாய் திறக்கிற இடத்தில், முத்திரைக்கு அடியில், சொட்டு வெளியே வருகிற அந்த நொடியில் அது இன்னமும் நல்ல தண்ணீர்தான். இந்த யோசனை அவளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. ஒரு சிறு பாட்டிலுக்குத் தக்கை போட்டு, பாட்டிலை ஒரு தடித்த நூலிலும் தக்கையை இன்னொரு நூலிலும் கட்டினாள். அடியில் கனத்துக்கு மெஷினின் பழைய சக்கரத் துண்டு. மேல்மாடியிலிருந்து கீழே வரை போகும் காற்றுக் கூண்டின் வழியாகப் பாட்டிலை இறக்கினாள். இருபது அடி நூல் போனது. இருபத்தேழு வருடத்துக்கு முன் வாளி இருந்த இடம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பாட்டில் முத்திரையில் தட்டியது விரலுக்குத் தெரிந்ததும் தக்கை நூலைச் சுண்டினாள், நிறைந்ததும் விடுவித்தாள். தக்கையில் அவள் குத்தியிருந்த ஊசிகளின் கனம் அதை இழுத்து வாயில் உட்காரவைத்தது. வேறு எந்தக் கைவேலைக்காரிக்கும் இது வராது, அவளுக்கு வந்தது.

நீட்டிப்புக்கான பாராட்டு விழா ஏழாம் பகுதியில் நடக்க வேண்டும் என்பது முறை. ஏழாம் பகுதியில் தண்ணீருக்கு மேலே இருந்தது அவர்கள் மேல்மாடி ஒன்றுதான். ஆகவே இலாகாவின் பெரியவர்கள் நான்கு படகில் வந்து, தையல் அறையில் மெஷினை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாக்கும் வந்திருந்தார். முப்பத்தாறாவது கேடயத்தைக் கொடுத்துக் கைதட்டி முடித்ததும் தையல்காரி பாட்டிலைக் கொண்டுவந்து நாக்கின் முன் வைத்தாள். கீழே எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து எடுத்தது, எல்லோர் முன்னாலும் ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். பாட்டிலும் நூலும் ஈரமாக இருந்தன. மேற்பார்வையாளர் முகம் காகிதமாயிற்று. நாக்கு கரண்டியில் ஊற்றி, நாக்கு நுனியில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். முப்பத்தாறு வருடம் அவர் கையால் எழுதிய ஊற்று, ஊற்று, கடல், கடல் என்ற தாள்கள் எல்லாம் அந்த ஒரு துளியில் நின்றன. அது நல்ல தண்ணீர் என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்ததை அறையில் எல்லோரும் அவர் முகத்தில் பார்த்தார்கள். பிறகு அவர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் உப்பு இருக்கா?"

மேற்பார்வையாளர் உள்பையிலிருந்து துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். நாக்கு ஒரு சிட்டிகையைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, மறுபடி சுவைத்து, கடல் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். ஒருவர், வெளியே போகும்போது, மெஷின் ரொம்ப இடத்தை அடைக்கிறது என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார்.

அவர்கள் போனதும் தையல்காரி தம்பியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வாஷர் வச்சிருக்கியா?"

"இருக்குக்கா."

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, இலாகா முழுவதும் சாப்பிட்டுவிட்டு மேசைமேல் தலைவைத்துக் கிடந்த நேரத்தில், அவன் சட்டையைக் கழற்றி மெஷின்மேல் மாட்டிவிட்டு, ஸ்பானரை இடுப்பில் செருகி, வாஷரைப் பல்லில் கடித்துக்கொண்டு, வீட்டுப் படிக்கட்டு வழியாகவே கடலுக்குள் இறங்கினான். முதல் மாடியைத் தாண்டி, கேடயங்களின் ஆணிகள் மட்டும் மிஞ்சியிருந்த கூடத்தைத் தாண்டி, மீன் குடியிருந்த பின்னறையைத் தாண்டி, முத்திரையை உடைத்தான். வேலை அவன் அன்று சொன்னபடி பத்து நிமிடம்தான் ஆனது. பத்து நிமிடமும் அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இருபத்தேழு வருடம் அந்த இலாகாவில் மூச்சு விடாமல் வேலை பார்த்தவனுக்கு அது பெரிய காரியம் இல்லை. மேலே வந்து தேய்ந்த வாஷரை அக்கா கையில் கொடுத்தான். அவள் அதைப் பொத்தான் டப்பாவில் போட்டாள். மாலை வரை இருவரும் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் முப்பத்தொன்றாம் படியில் நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

தம்பிக்கு வேலை போனது. இல்லாத ஒழுகலை அனுமதியின்றி அடைத்தது என்பது குற்றச்சாட்டு. அவன் ஒரு படகு வாங்கி மீன் பிடிக்கப் போனான், அந்த வேலையில் யாரும் யாரிடமும் கையெழுத்துக் கேட்பதில்லை என்று சந்தோஷமாகச் சொல்வான். மேற்பார்வையாளர் ஐந்து வருடத்தையும் முடித்து, மேலும் ஐந்து கேடயங்களோடு வீட்டுக்கு வந்தார். பகுதி முழுவதும் தண்ணீருக்கடியில் இருந்ததால் அந்த ஐந்து வருடமும் அவருக்கு உழைப்பே இல்லை. மேட்டில் இருந்தவர்கள் கரைக்குக் கடற்கரை என்று பேர் வைத்து மாலையில் காற்று வாங்க வந்தார்கள். கடல் எப்போதும் இங்கேயே இருந்தது என்று அவர்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள், பிள்ளைகள் புத்தகத்தில் எழுதினார்கள். திங்கள்கிழமை எட்டு மணிக்கு இன்னமும் சிலர் வந்து ஒரு சிட்டிகை உப்பைத் தண்ணீரில் தூவிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். ஏன் என்று கேட்டால் நல்லது என்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிந்தைய இரண்டாம் வருடம், ஒரு முற்பகல், மேல்மாடிச் சமையலறைக் குழாயில் சொட்டு விழ ஆரம்பித்தது. மெஷினின் சத்தத்திலும் தையல்காரிக்கு அது கேட்டது. மிதிப்பதை நிறுத்தி, எழுந்து போய், பொத்தான் டப்பாவில் தம்பி போட்டுவைத்திருந்த புது வாஷர்களில் ஒன்றை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. மூடியைத் திருகி, பழையதைத் தோண்டி எடுத்து, புதியதை வைத்து இறுக்கினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அடுத்த அறையிலிருந்து அவர் வந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. சட்டையின் உள்பையிலிருந்து எடுத்த உப்பு விரல்களுக்கிடையில் இருந்தது. குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். குழாய் காய்ந்து கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒழுகுச்சே?" என்றார்.

முப்பத்துநான்கு வருடத்தில் ஒழுகியது என்று அவர் தன் வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். ஊரில் பாதியை மூழ்கடித்த மனிதன், விரலில் ஒரு சிட்டிகை உப்போடு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"ஒழுகுச்சு. அடைச்சுட்டேன்," என்றாள். பிறகு அடுப்பைக் காட்டினாள். "அதைப் பானையில போடுங்க."

அவர் பானைக்கு அருகில் போனார். விரலில் இருந்ததைப் போட்டார். போதாது என்று நினைத்தோ, கை பழகிய வழியிலோ, துணிப்பையை அவிழ்த்து ஒரு கைப்பிடியும் போட்டார். அன்று அந்த வீட்டுச் சாப்பாடு வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. அவருக்கு அளவு தெரியாது. இருவரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார்கள். வெளியே கடல் முப்பத்தொன்றாம் படியில் இருந்தது. அவள் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். மறுநாள் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகளில் காலர் வைக்காமல் இன்னும் ஆறு மிச்சம் இருந்தன.